பாத்துக்கோங்க டீச்சர் என்று சொல்கிற பிள்ளைகளுக்கு



அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கரூர் பரமத்தியின் பெயர் மறுபடியும் வெப்பநிலைச் செய்தியில் அடிபடுகிறது. தினமும் உங்களில் நாலைந்து பேராவது வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். "வெயில் ஜாஸ்தி டீச்சர், சாரையும் பாத்துக்கோங்க, உங்க உடம்பையும் பாத்துக்கோங்க." உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் 'பாத்துக்கோங்க' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என் கருத்து இதுதான். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், வெயிலிலிருந்து தன் தோலையும் கண்ணையும் காத்துக்கொள்ள வேண்டும். தன் மனதையும் காத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்த இரண்டும். ஆனால் இரண்டுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் அவரிடம் கிடையாது. சுற்றி இருப்பவர்கள் கொடுத்தால்தான் உண்டு.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். உங்கள் கணக்கு சாருக்கு நோய் என்று மருத்துவர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. அவருக்கு இப்போது 73 வயது. சொல்லக்கூடிய நிலையில் இருந்தபோதே அவர் என்னிடம் சொல்லிவிட்டார், "இதை மறைக்க வேண்டாம்மா, பசங்களுக்குச் சொல்லு. நாளைக்குத் தெருவில் பார்த்தால் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள்." அதனால்தான் தைரியமாக இங்கே எழுதுகிறேன். மகனிடமும் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"வயசானா மறதி வர்றது சகஜம்தானே" என்று உறவுகளில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவி எதற்கு என்றே மறப்பது நோய். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. நூறு முதியவர்களில் ஏழு பேர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு மனைவியோ மகளோ மருமகளோ இருப்பார்.

"டிமென்ஷியாவுக்கும் வெயிலுக்கும் என்னங்க டீச்சர் சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

நம்மில் யாரும் மே மாதம் மதியம் ஒரு மணிக்குக் காரணமில்லாமல் வெளியே போகமாட்டோம். வேலையை முன்னே பின்னே தள்ளி வைத்துக்கொள்வோம். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. சாருக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கூட மணி கேட்டுவிடும். "பெல் அடிச்சாச்சு, பிள்ளைங்க காத்திருக்கும்" என்று கிளம்பிவிடுவார். கதவைப் பூட்டினால் கோபம் வரும், பயம் வரும். சில நாள் நானும் கூட நடந்து, இரண்டு தெரு சுற்றி, "இன்னைக்கு லீவு விட்டுட்டாங்களாம்" என்று சொல்லித் திருப்பி அழைத்து வருவேன். அந்த நடை எப்போதும் உச்சி வெயிலில்தான்.

அடுத்தது துணி. இதை யாரும் பேசமாட்டார்கள், நான் பேசுகிறேன். இந்த நோய் கொஞ்சம் முற்றினால் சிறுநீர் கட்டுப்படாது. தினமும் விரிப்பு, போர்வை, வேட்டி என்று ஒரு பெரிய மூட்டை துவைக்க வேண்டும். துவைத்தால் மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். வெள்ளை ஓடு பதித்த மாடியில் நின்றால் மேலே இருந்தும் வெயில், கீழே இருந்தும் வெயில். பிறகு மருந்துக்கடை, ரேஷன், வங்கி. அவர் கண்ணயர்கிற நேரம்தான் இதற்கெல்லாம் நமக்குக் கிடைக்கும். அவர் கண்ணயர்வது மதியம்.

ஆக, இந்த வீடுகளில் கவனித்துக்கொள்பவர் ஒரு நாளில் மூன்று நான்கு முறை நடு வெயிலில் நிற்கிறார். குடை எடுக்க நினைவு இருக்காது. செருப்பு போடக்கூட நேரம் இருக்காது. தனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது கடைசியாகத்தான் ஞாபகம் வரும்.

இதில் உடம்பைக் காத்துக்கொள்ள எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் உங்களை மைதானத்துக்கு அழைத்துப் போய்க் குச்சி நட்டு நிழல் அளக்க வைத்தேனே, நினைவிருக்கிறதா? அதே பாடம்தான். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் இந்த மாதங்களில் காலை 9 மணி வாக்கில் தொடங்கி மதியம் 3 மணி வாக்கு வரை நிழல் குட்டைதான். ஏப்ரலில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் நிழலே விழாத உச்சிப்பொழுதும் நமக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் குறியீடு என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11-ஐத் தாண்டினால் மிகமிகக் கடுமை. நம் ஊர்க் கோடை உச்சிப்பொழுதில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். கைப்பேசியில் வானிலையைப் பார்க்கும் பிள்ளைகள் அந்த எண்ணையும் பாருங்கள்.

இன்னொன்று. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. வெப்பம் உடம்புக்குத் தெரியும். கதிர் தெரியாது. மார்கழியில் காற்று குளுகுளுவென்று இருந்தாலும் உச்சிப்பொழுதில் கதிர் இருக்கும். மெல்லிய மேகத்தையும் தாண்டி வரும்.

"நாமெல்லாம் கறுப்புத் தோல், நமக்கு ஒன்றும் ஆகாது" என்பதில் பாதி உண்மை. நம் தோலில் உள்ள நிறமி ஓரளவு காக்கிறது. வெள்ளைக்காரர்களைப் போல நமக்குத் தோல் புற்றுநோய் அதிகம் வருவதில்லை. அதனால் புற்றுநோய் என்று சொல்லி நான் யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் மங்கு, கருந்திட்டு, தோல் சுருக்கம் எல்லாம் நமக்கும் வரும். கண்ணுக்கு எந்த நிறமும் பாதுகாப்புக் கிடையாது. வருடக்கணக்காகப் படும் வெயில் கண்புரை வரக் காரணங்களில் ஒன்று. ஏற்கெனவே 60-ஐத் தாண்டிய நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. கண்ணாடி மாற்றும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டு வாசல் ஆணியில் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். அதில் ஒரு கறுப்புக் குடை, சாருக்கு ஒரு தொப்பி, எனக்கு ஒரு பருத்தித் துண்டு, தண்ணீர் பாட்டில், என் குளிர்கண்ணாடி, பெயரும் என் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று. அவர் கிளம்பினால் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பிவிடுவேன். யோசிக்க வேண்டியதில்லை. அவசரத்தில் ஞாபகம் வராது என்று தெரிந்ததால்தான் பையை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறேன். குடை கெட்டித் துணியாக இருக்க வேண்டும். மெல்லிய பூப்போட்ட குடை அழகுக்கு மட்டும்தான்.

சன்ஸ்கிரீன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எஃப். 30 போதும். தோலைச் சுடும் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தை அது தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிக்கொள்ள வேண்டும். வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு தடவ வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு தொட்டு வைத்தால் பயன் இல்லை. அது விலை அதிகம், வாங்க முடியாது என்றால் வருத்தப்படாதீர்கள். நிழல், குடை, முழுக்கை உடை, தலைத்துணி, இந்த நான்கும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

நான் சன்ஸ்கிரீன் தடவுவதைப் பார்த்து ஓர் உறவுக்காரப் பெண்மணி, "வீட்டுக்காரருக்கு இப்படி இருக்கும்போது இந்த வயசுல மேக்கப்பாக்கும்" என்றார். நான் கோபப்படவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். அவருக்கு நான் மாத்திரை கொடுத்தால் அது கடமை. அவர் பாதத்தில் எண்ணெய் தடவினால் அது அன்பு. அதே கையால் என் முகத்தில் வெயிலுக்கு ஒரு பூச்சு தடவிக்கொண்டால் மட்டும் அது எப்படி மினுக்கு ஆகிறது? கவனித்துக்கொள்பவர் வாடி வதங்கித்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்?

துணி காயப்போடுவதைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன். 5 மணிக்குப் போட்டால் இந்தக் காற்றுக்கு ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது. காலை ஆறரைக்கு இருவரும் நடக்கப் போகிறோம். அந்த வெளிச்சம் இருவருக்கும் நல்லது. மறதி நோயில் இரவு பகல் குழம்பிவிடும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும், இரவுத் தூக்கத்துக்கு உதவும். பொழுது சாயும் நேரத்தில் பல நோயாளிகளுக்கு வரும் பதற்றமும் சில நாள் குறைகிறது. ஆகவே வெயிலை முழுக்க ஒதுக்க வேண்டாம். காலை வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நடுப்பகல் வெயிலைத் தள்ளி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. மறதி நோய் உள்ளவருக்குத் தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது. மணிக்கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது நாமும் ஒரு டம்ளர் குடித்துவிட வேண்டும். நீர்மோர் நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் பானகம், சர்பத் பக்கம் போகாதீர்கள். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை ஆகியவற்றில் சில, வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி மனது.

1981-ல் அமெரிக்காவில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்ற இருவர் இந்த நோயாளிகளின் குடும்பத்துக்காக ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் பெயருக்குத் தமிழில் '36 மணி நேர நாள்' என்று பொருள். தலைப்பே போதும், எங்களுக்கு உள்ளடக்கம் புரிந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பல் துலக்கி, சட்டை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார். நாம் எழுந்தே ஆக வேண்டும். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பார். முப்பத்தொன்பது முறை பொறுமையாகப் பதில் சொன்னவருக்கு நாற்பதாவது முறை எரிச்சல் வரும். இது மனித இயல்பு. எரிச்சல் வந்தது என்பதற்காகத் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்கிறேன், எரிச்சல் வருவது அன்பு குறைந்ததற்கு அடையாளம் இல்லை. தூக்கம் குறைந்ததற்கு அடையாளம்.

துக்கமும் உண்டு. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். ஆள் கண்முன் இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த அந்த ஆள் இல்லை. செத்தவர்களுக்கு அழலாம், துக்கம் கேட்க வருவார்கள், கருமாதி முடிந்தால் ஒரு கட்டம் தாண்டியது போல இருக்கும். உயிரோடு இருப்பவரை இழந்தால் அழக்கூட உரிமை இல்லை. 45 வருடம் கூட வாழ்ந்தவர் காலையில் மரியாதையாக, "நீங்க யாருங்க, காபி நல்லா இருக்கு" என்று சொன்னால், அதற்கு எந்த வீட்டில் போய் அழுவது?

நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் எழுவதற்கு முன் பதினைந்து நிமிடம் திண்ணையில் காபியோடு உட்காருவேன். அந்த நேரம் கைப்பேசியைத் தொடமாட்டேன். அவரோடு வாதம் செய்வதில்லை. அவருடைய அம்மா இறந்து முப்பது வருடம் ஆகிறது. "அம்மா காத்திருக்கும்" என்று சொன்னால், "அம்மா செத்துப்போயிட்டாங்க" என்று திருத்தினால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "சாப்பிட்டுட்டுப் போகலாம், அம்மா என்ன செஞ்சு தருவாங்க?" என்று கேட்டால் அரிசியும் பருப்பும் சாதம் என்று சிரிப்பார். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ராத்திரி ஒரு பழைய நோட்டில் நாலு வரி எழுதுவேன். வாரத்தில் ஒரு நாள், என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழியோடு பேசுவேன். அன்றைக்கு நோயைப் பற்றிப் பேசுவதில்லை, சேலை விலை, சினிமா, பயிற்சிப் பள்ளி விடுதி உப்புமா என்று பேசுவோம்.

இதெல்லாம் போதாத நிலை ஒன்று வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். "செத்துப்போய்விடலாமா" என்றோ, நோயாளியை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 14416 என்பது அரசின் இலவச மனநல ஆலோசனை எண். தமிழில் பேசலாம். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567. இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எழுதிக் கொடுங்கள்.

இப்போது, எதிர்ப்பக்கம் சொல்லப்படுவதற்கு வருகிறேன்.

"நம் காலத்தில் எல்லோரும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளவில்லையா, அப்போது யார் இதையெல்லாம் பேசினார்கள்?" என்கிறார்கள். உண்மைதான். என் பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறியது. ஆனால் அந்த வீட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். காலையில் பெரியம்மா, மதியம் அத்தை, சாயங்காலம் பேரப்பிள்ளைகள் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. பாட்டி தெருவில் இறங்கினால் எதிர்வீட்டுத் தாத்தா கையைப் பிடித்து அழைத்து வருவார். ஒருவர் தலையில் முழுச் சுமையும் விழவில்லை. இன்றைக்கு மகன் பெங்களூரில், மகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் நோயாளி. பதினொரு பேர் செய்ததை ஒருவரைச் செய்யச் சொல்லிவிட்டு, "அந்தக் காலத்தில் செய்தார்கள்" என்றால் கணக்கு உதைக்கிறது. உங்கள் சார் இருந்தால் கரும்பலகையில் போட்டே காட்டியிருப்பார்.

இன்னும் சிலர் புகழ்கிறார்கள். "நீங்க தெய்வம் டீச்சர்", "உங்களை மாதிரி யாரால முடியும்?" இந்தப் புகழ்ச்சி எனக்குப் பயமாக இருக்கிறது. தெய்வத்துக்குத் தலைவலி வராது, தெய்வம் லீவு கேட்காது. தெய்வம் ஆக்கிவிட்டால் பிறகு உதவிக்கு ஆள் வர வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது. புகழ்கிறவர்கள் அப்படி நினைத்துச் சொல்வதில்லை என்று தெரியும். ஆனால் விளைவு அதுதான்.

"ஆள் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் எங்களுக்கே அது கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய செலவு. கூலி வேலை செய்யும் குடும்பம் என்ன செய்யும்? அப்படி வருகிற ஆயாவும் வெயிலில்தான் நடந்து வருகிறார், அவருக்கும் மனது இருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இந்த நோயாளிகளைக் குடும்பத்தார் கவனிக்கும் மணி நேரங்களில் 70 சதவீதம் பெண்களுடையது. ஆகவே ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். பணம் அனுப்புவதோடு மகன் கடமை முடிவதில்லை. அப்பாவைக் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு விரிப்பைத் துவைத்துக் காயப்போடுங்கள். அது மருமகள் வேலை என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தவில்லை.

அரசிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது, நல்ல காரியம். வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கும் திட்டம் 2021 முதல் நடக்கிறது, அதுவும் நல்ல காரியம். அப்படி வருகிறவர்கள் நோயாளிக்கு மட்டும் பார்க்காமல், பக்கத்தில் நிற்கும் கவனிப்பவரின் அழுத்தத்தையும் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் போக வேண்டும். காலையில் விட்டு மாலையில் அழைத்துக்கொள்ளும் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அங்கன்வாடி நடத்தத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியம் இல்லை.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒன்று, "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், கேட்கமாட்டோம். "சனிக்கிழமை மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரை நான் சாரோட இருக்கேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லுங்கள். சொன்னபடி வாருங்கள்.

இரண்டு, உச்சி வெயில் வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் போய் வரலாம். அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு ஒரு மணி நேர வெயில்.

மூன்று, பழம், பிஸ்கட், ஹார்லிக்ஸ் வேண்டாம். வீட்டில் நிறைய இருக்கிறது.

நான்கு, வந்தால் "என்னைத் தெரியுதா சார்?" என்று தேர்வு வைக்காதீர்கள். அவர் தோற்றுப் போவார், முகம் சுருங்கிவிடும். நீங்களே முதலில் பெயரையும் வருடத்தையும் சொல்லிவிடுங்கள். பிறகு பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பாக ஆரம்பியுங்கள். உடனே திருத்துவார். அது இன்னும் போகவில்லை.

ஐந்து, தூரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வீடியோவில் கூப்பிடுங்கள். பொழுது சாயும்போதுதான் அவருக்குப் பதற்றம். அப்போது ஒரு குரல் "வணக்கம் சார்" என்றால், வகுப்புக்கு வந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிகிறது.

ஆறு, எங்கள் வீட்டுக்கு வர முடியாவிட்டால் உங்கள் தெருவில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போங்கள். வாசலில் ஒரு பை தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு குடையும் பாட்டிலும் வாங்கி நீங்களே மாட்டிவிட்டு, அடுத்த வாரம் எந்த நாள் வரட்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் கூடத்தில் காலண்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஜூன் மாதத்து நாட்களைக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். இதுவரை மூன்று கட்டத்தில் பெயர் இருக்கிறது. மற்ற கட்டங்களில் உங்கள் பெயரையும் நேரத்தையும் கீழே எழுதுங்கள், நான் தாளில் ஏற்றிவிடுகிறேன். வருகிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்